டென்னிஸ் சங்கத்தின் கையில் இருப்பது என்ன?

இந்திய ஆட்டக்காரர் ஒருவர் வெளிநாட்டில் முதல் சுற்றிலேயே தோற்றால் திட்டு ‘ஐட்டா’வுக்கு விழுகிறது. ஜெயித்தால் வாழ்த்துச் செய்தியோடு முதலில் வந்து நிற்பதும் ஐட்டாதான். அகில இந்திய டென்னிஸ் சங்கத்தை மைதானத்துப் பெற்றோரும் கோச்சுகளும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அதன் அதிகாரம் எதுவரை போகும், எங்கே நிற்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. கிரிக்கெட் வாரியத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடு டென்னிஸைப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. அடிக்கடி எழும் சில சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஐட்டா அரசுத் துறையா?

இல்லை. 1920-ல் தொடங்கப்பட்ட தனிச் சங்கம் அது, தலைமையகம் டெல்லியில். மாநிலச் சங்கங்கள்தான் அதன் உறுப்பினர்கள். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு டென்னிஸ் சங்கம். ஐட்டாவுக்கு மேலே, 1913-ல் உருவாகி இப்போது லண்டனிலிருந்து இயங்கும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இருக்கிறது.

ஆனாலும் அரசு ஒதுங்கி நிற்கவில்லை. மத்திய விளையாட்டு அமைச்சகம் ஐட்டாவைத் தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பாக அங்கீகரித்திருக்கிறது. பயிற்சி முகாமுக்கும் இந்திய அணியின் வெளிநாட்டுப் பயணத்துக்கும் அரசுப் பணம் வருவது அந்த அங்கீகாரத்தின் பேரில்தான். லண்டன் விதி ஒரு பக்கம் இழுக்கும், டெல்லி அமைச்சகம் இன்னொரு பக்கம் இழுக்கும். இந்தச் சங்கத்தின் பல விநோத முடிவுகளுக்குக் காரணம் இந்த இழுபறி.

நம் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஐட்டாதானே?

கிரிக்கெட் வாரியம் ஆட்டக்காரரோடு ஆண்டு ஒப்பந்தம் போடும், சம்பளம் கொடுக்கும், எந்தத் தொடரில் ஆடுவது என்றும் சொல்லும். டென்னிஸில் அப்படி எதுவும் கிடையாது. தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர் சொந்தக் கடை நடத்துபவரைப் போல. விமான டிக்கெட், ஓட்டல் அறை, கோச்சின் சம்பளம், ராக்கெட்டுக்கு நரம்பு மாட்டும் செலவு எல்லாம் அவர் பொறுப்பு. பரிசுப் பணமும் அவருக்கே.

உலகச் சுற்றுப் போட்டிகளை நடத்துவதும் தேசியச் சங்கங்கள் அல்ல. ஆண்களுக்கு 1972-ல் பிறந்த ஏடிபி, பெண்களுக்கு 1973-ல் பிறந்த டபிள்யூடிஏ. செய்தித்தாளில் நாம் படிக்கும் ‘உலகத் தரவரிசை’ இவர்களுடையது. ஐட்டாவால் அதில் ஒரு புள்ளியைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

சிறந்த சிலருக்கு ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டத்தில் உதவி கிடைக்கிறது. ஆனால் அது அரசின் பணம், சங்கத்தின் பணம் அல்ல.

அப்படியானால் ஐட்டா வெளியிடும் தரவரிசை எது? அதற்காக ஊர் ஊராக அலைகிறோமே?

டென்னிஸில் ஏணி மூன்று. முதலாவது ஐட்டாவின் உள்நாட்டு ஏணி: 12, 14, 16, 18 வயதுக்கு உட்பட்டோர், பிறகு ஆண்கள், பெண்கள். பதிவு எண் வாங்கியவர்கள் டேலன்ட் சீரிஸ், சாம்பியன்ஷிப் சீரிஸ், சூப்பர் சீரிஸ், நேஷனல் சீரிஸ் என்று படிப்படியாக ஆடிப் பாயின்ட் சேர்க்கிறார்கள். உச்சியில் தேசிய சாம்பியன்ஷிப். இரண்டாவது ஏணி சர்வதேசக் கூட்டமைப்பின் ஜூனியர் உலகத் தரவரிசை. அதற்கு ‘ஐபின்’ என்ற தனிப் பதிவு வேண்டும். மூன்றாவது, மேலே சொன்ன ஏடிபி, டபிள்யூடிஏ.

ஒரு ஏணியில் சேர்த்த பாயின்ட் இன்னொன்றில் செல்லாது. 14 வயதுக்கு உட்பட்டோரில் இந்தியாவில் முதலிடம் பிடித்த பையன், ஏடிபி கணக்கில் வெறும் பூஜ்யம். இதைப் பல பெற்றோர் மூன்று நான்கு வருடம் செலவழித்த பிறகுதான் புரிந்துகொள்கிறார்கள். அதற்காக ஐட்டா தரவரிசை வீண் என்று சொல்லிவிட முடியாது. உள்நாட்டுப் போட்டியில் நேரடி இடம் கிடைக்குமா, தகுதிச் சுற்று ஆட வேண்டுமா என்பதையும், இந்திய ஜூனியர் அணிக்கு யாரைப் பார்ப்பது என்பதையும், இங்கே நடக்கும் சர்வதேசப் போட்டிகளின் வைல்டு கார்டு யாருக்கு என்பதையும் முடிவுசெய்யும்போது இந்தப் பட்டியல்தான் மேசைக்கு வருகிறது. பட்டியல் நேர்மையாக இருப்பது அதனால் முக்கியம். வயதைக் குறைத்துக் காட்டும் மோசடியும் அதனால்தான் இங்கே இத்தனை பெரிய தலைவலி. 13 வயதுப் பிள்ளையின் எதிரே 15 வயதுப் பிள்ளையை நிறுத்தினால் அது போட்டியே இல்லை.

என் மகளுக்கு 11 வயது. ஐட்டாவில் பதிந்தால் கோச்சிங் கொடுப்பார்களா?

கொடுக்க மாட்டார்கள். பதிவு, போட்டியில் சேர்வதற்கான அடையாளம், அவ்வளவுதான். சங்கம் முகாம் நடத்தும், கோச்சுகளுக்குப் பயிற்சி வகுப்பு வைக்கும், அம்பயர், ரெஃப்ரீகளை உருவாக்கும். தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து பந்து போட்டுக் கொடுக்கும் வேலை தனியார் அகாடமிகளுடையது.

நம் நாட்டில் இது எப்போதும் அப்படித்தான். ராமநாதன் கிருஷ்ணனுக்குத் தந்தைதான் கோச். கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். மகன் ரமேஷ் 1979-ல் வென்றார். கோர்ட்டும் ராக்கெட்டும் குடும்பத்துச் சொத்தாக இருந்த காலம். கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்த லியாண்டர் பயஸைச் செதுக்கியது, விஜய் அமிர்தராஜ் ஒரு பிஸ்கட் நிறுவனத்தின் துணையோடு நடத்திய பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டம். 1990-ல் பயஸும் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். நாட்டு அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையில், 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தை அதன் மண்ணிலேயே இந்தியா 3-1 என்று வீழ்த்தியபோது முதல் ஆட்டத்தை வென்று கொடுத்த தக்ஷிணேஸ்வர் சுரேஷ் மதுரைக்காரர். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் வளர்ந்தவர். ஐரோப்பிய அணி ஒன்றை அங்கேயே போய் இந்தியா தோற்கடித்தது 1993-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நூறு வருடம் தாண்டிய சங்கம் ஒன்று, தன் சொந்தப் பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தவர் என்று காட்ட ஒரு பெரிய பெயரைத் தேட வேண்டியிருப்பது நியாயமான குறைதான்.

ஒலிம்பிக்ஸுக்குத் தரவரிசை போதாதா? சங்கத்தின் தயவு எதற்கு?

ஐட்டாவின் உண்மையான பலம் இங்கேதான் தெரியும். விம்பிள்டனில் ஆட்டக்காரர் தன் பெயரில் ஆடுகிறார். ஒலிம்பிக்ஸிலும் டேவிஸ் கோப்பையிலும் பெண்கள் அணிகளுக்கான பில்லி ஜீன் கிங் கோப்பையிலும் நாட்டின் பெயரில் ஆடுகிறார். அந்தப் பெயரை எழுதிக் கொடுக்கும் பேனா ஒவ்வொரு நாட்டிலும் ஒரே ஒரு சங்கத்திடம் இருக்கிறது. தரவரிசையில் எத்தனை உயரத்தில் இருந்தாலும் சங்கம் பெயர் அனுப்பாவிட்டால் ஒலிம்பிக்ஸ் கதவு திறக்காது. அதற்கு முன் குறிப்பிட்ட தடவைகள் தேசிய அணிக்குத் தன்னை ஒப்புக்கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

2012 லண்டன் ஒலிம்பிக்ஸை நினைவிருப்பவர்களுக்கு இந்தப் பேனா எவ்வளவு மை சிந்தியது என்று தெரியும். இரட்டையரில் பயஸும் மகேஷ் பூபதியும் சேர்ந்து ஆட வேண்டும் என்றது ஐட்டா. பூபதி முடியாது என்றார். ரோகன் போபண்ணாவும் பயஸோடு ஆட மறுத்தார். முடிவில் பூபதி-போபண்ணா ஒரு ஜோடி, பயஸ்-விஷ்ணு வர்தன் இன்னொரு ஜோடி என்று இரண்டு அணி போனது. கலப்பு இரட்டையரில் பயஸுக்குத் துணை சானியா மிர்சா. பயஸைச் சமாதானப்படுத்தத் தன்னைத் தூண்டில் இரையாக்கிவிட்டார்கள் என்று சானியா பகிரங்கமாகவே வருத்தப்பட்டார். ஆண்கள் ஜோடி இரண்டும் இரண்டாவது சுற்றிலேயே வெளியேறின.

2024 பாரீஸில் காட்சி வேறு. இரட்டையர் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருந்ததால் தன் ஜோடியைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு போபண்ணாவுக்கு இருந்தது. அவர் கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியைக் கேட்டார், ஐட்டா ஒப்புக்கொண்டது. முதல் சுற்றிலேயே தோற்றார்கள் என்பது உண்மை. ஆனால் சண்டையில்லாமல் ஒரு ஜோடி கிளம்பிப் போனதே இந்திய டென்னிஸில் முன்னேற்றம்.

நாட்டுக்கு ஆட மறுப்பவருக்குச் சங்கம் தடை விதிக்கலாமா?

ஒரு காலத்தில் இந்த அதிகாரம் முழுமையானது. 1968-க்கு முன் பணத்துக்கு ஆடுபவர்களுக்கு விம்பிள்டனும் கிடையாது, டேவிஸ் கோப்பையும் கிடையாது. 1959-ல் ஜாக் கிரேமரின் தொழில்முறைக் குழுவில் சேரப் பெரிய தொகையோடு அழைப்பு வந்தபோது ராமநாதன் கிருஷ்ணன் வேண்டாம் என்றார். சேர்ந்திருந்தால் 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளும் இல்லை. 1966-ல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோன கிருஷ்ணனும் இல்லை.

அந்த முழு அதிகாரத்தை உடைத்த சம்பவம் 1973-ல் நடந்தது. டேவிஸ் கோப்பையில் ஆட மறுத்தார் என்று யூகோஸ்லாவியச் சங்கம் நிகோலா பிலிச்சுக்கு ஒன்பது மாதத் தடை போட்டது. சர்வதேச அமைப்பு அதை ஒரு மாதமாகக் குறைத்தது. அந்த ஒரு மாதத்துக்குள் விம்பிள்டன் வந்துவிட்டது. புதிதாகப் பிறந்திருந்த ஏடிபியின் உறுப்பினர்கள் 81 பேர் விம்பிள்டனையே புறக்கணித்தார்கள். (ஆளில்லாத அந்த விம்பிள்டனில்தான் நம் விஜய் அமிர்தராஜ் காலிறுதிவரை போய், பட்டம் வென்ற யான் கோடெஷிடம் ஐந்து செட் போராடித் தோற்றார்.) ஆட்டக்காரரின் வருமானத்தில் சங்கம் கைவைக்க முடியாது என்பது அன்றோடு உறுதியானது.

இன்று சங்கம் தடை போட முடிவது தன் அணிக்குள் மட்டும்தான். லண்டன் ரகளைக்குப் பிறகு பூபதியையும் போபண்ணாவையும் 2014 ஜூன் வரை இந்திய அணிக்கு எடுப்பதில்லை என்று ஐட்டா அறிவித்தது. இருவரும் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போய் நிவாரணம் பெற்றார்கள். 2013 தொடக்கத்தில் நிலைமை தலைகீழானது. சோம்தேவ் தேவ்வர்மன் உள்ளிட்ட 11 ஆட்டக்காரர்கள், நிர்வாகத்தில் மாற்றம் வராமல் டேவிஸ் கோப்பையில் தென்கொரியாவுக்கு எதிராக ஆட மாட்டோம் என்றார்கள். பயஸையும் சில புதியவர்களையும் வைத்து அணியை இறக்கிய ஐட்டா டெல்லியில் 1-4 என்று தோற்றது.

2024-ல் ஆட்டக்காரர் சுமித் நாகல் இந்திய அணிக்கு ஆட ஆண்டுக்கு 50,000 டாலர் கேட்டார் என்று ஐட்டா வெளியே சொல்ல, தேசபக்தி விவாதம் மறுபடி சூடானது. ஆட்டக்காரருக்கு ஈடு கொடுப்பது விளையாட்டில் வழக்கமானதுதான் என்றார் நாகல். டேவிஸ் கோப்பைக்கு ஒதுக்கும் வாரத்தில் வேறு போட்டியில் கிடைத்திருக்கக்கூடிய பாயின்ட்டும் பணமும் போகின்றன என்பதை மறந்துவிட்டு இந்த விவாதத்தைப் பேசுவதில் பயனில்லை. கேட்டது அதிகமா என்பது பேரம் பேசும் அறைக்குள் முடிய வேண்டிய விஷயம். அதை மைக் முன்னால் வைத்தது சங்கத்தின் பிழை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1974-ல் டேவிஸ் கோப்பை இறுதியில் இந்தியா ஆடவே இல்லையாமே? அது யார் முடிவு?

இறுதியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சிக்கு எதிரான இந்திய அரசின் நிலைப்பாட்டை ஒட்டி, ஆட மறுப்பதென்று சங்கம் தீர்மானித்தது. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த, கோப்பையை வெல்லக்கூடிய அணி அது. ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குக் கோப்பை போனது. டேவிஸ் கோப்பை வரலாற்றில் இறுதிப் போட்டி இப்படி முடிந்தது அந்த ஒரு தடவைதான். 1987-ல் மீண்டும் இறுதிக்குப் போய் ஸ்வீடனிடம் தோற்றோம். அதற்குப் பிறகு இறுதி இல்லை.

நாட்டின் பெயரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு நாட்டின் அரசியலும் சேர்ந்தே வரும். 2019-ல் பாகிஸ்தானுக்குப் போக வேண்டிய ஆட்டம் ஐட்டாவின் கோரிக்கைக்குப் பிறகு கஜகஸ்தானுக்கு மாற்றப்பட்டது. 2024 ஆட்டத்துக்கு அதே கோரிக்கையைச் சர்வதேசக் கூட்டமைப்பு நிராகரித்தது. போகாவிட்டால் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். அறுபது வருடத்துக்குப் பிறகு இந்திய அணி பாகிஸ்தான் போய், இஸ்லாமாபாத்தில் 4-0 என்று வென்று திரும்பியது. முதல் நாள் ஒற்றையர் இரண்டையும் வென்றவர்கள் ராம்குமார் ராமநாதனும் ஸ்ரீராம் பாலாஜியும், இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள நம் பிள்ளைகள் இந்தியாவுக்கு ஆடலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ், அமெரிக்கக் குடிமகனாக இருந்தும் சில ஆண்டுகள் இந்தியாவுக்கு டேவிஸ் கோப்பை ஆடினார். 2008-ன் இறுதியில் மத்திய அரசு அந்த வழியை அடைத்தது. இது அரசின் கொள்கை. சங்கம் நினைத்தாலும் மாற்ற முடியாது.

சென்னை ஓபன் கைவிட்டுப் போனபோது ஐட்டா ஏன் தடுக்கவில்லை?

தடுக்கும் இடத்தில் அது இல்லை. நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை நடந்த ஏடிபி போட்டியின் உரிமம் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2018-ல் அது புனேவுக்குப் போனது. 2023-க்குப் பிறகு இந்தியாவிலேயே இல்லை. இன்று அந்தத் தரத்தில் ஆண்களுக்கான போட்டி ஒன்றுகூட நம் நாட்டில் நடப்பதில்லை. பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டி மட்டும் ‘சென்னை ஓபன்’ என்ற பெயரில் 2022-லும் 2025-லும் நுங்கம்பாக்கத்துக்கு வந்தது.

பணக்காரச் சங்கங்களின் கதை வேறு. அமெரிக்க ஓபன் அமெரிக்கச் சங்கத்தின் சொந்தப் போட்டி; ஆஸ்திரேலிய ஓபன் ஆஸ்திரேலியச் சங்கத்துடையது; பிரெஞ்சு ஓபன் பிரெஞ்சுச் சங்கத்துடையது. விம்பிள்டன் ஒரு தனி கிளப் நடத்துவது என்றாலும் லாபத்தில் பெரும்பகுதி பிரிட்டிஷ் சங்கத்துக்குப் போகிறது. இரண்டு வாரத்தில் சம்பாதித்து வருடம் முழுக்க ஊர் ஊராகக் கோர்ட் போடுகிறார்கள். ஐட்டாவிடம் அப்படி ஒரு பொன்முட்டை இல்லை. அதை அவர்களோடு ஒப்பிட்டுத் திட்டுவதில் அர்த்தமில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்கலாம். 15,000 டாலர் அளவிலான சிறு சர்வதேசப் போட்டிகள் வருடத்துக்கு எத்தனை இந்தியாவில் நடக்கின்றன? எந்தெந்த ஊரில், எந்த மாதத்தில்? ஆண்களுக்கான 15,000 டாலர் போட்டியை வென்றால் 15 ஏடிபி பாயின்ட். அந்தப் பாயின்ட்டுக்காகத்தான் நம் பிள்ளைகள் துனிசியாவுக்கும் எகிப்துக்கும் கடன் வாங்கி விமானம் ஏறுகிறார்கள். அதே போட்டி திருச்சியிலோ சேலத்திலோ நடந்தால் ரயில் டிக்கெட்டோடு முடியும். சர்வதேச அட்டவணையில் இடம் கேட்டு வாங்குவது, மாநிலச் சங்கங்களை நடத்தவைப்பது, ஸ்பான்சர் பிடிப்பது எல்லாம் தேசியச் சங்கத்தின் நேரடி வேலை. ஐட்டாவை எடைபோட எனக்குத் தெரிந்த சரியான தராசு இந்தப் போட்டி எண்ணிக்கைதான். டேவிஸ் கோப்பை முடிவு அல்ல.

ஊக்கமருந்து, சூதாட்டப் புகார்களை விசாரிப்பதும் ஐட்டாவா?

இல்லை. சர்வதேச டென்னிஸ் நேர்மை முகமை என்ற தனி அமைப்பு லண்டனிலிருந்து இவற்றைக் கவனிக்கிறது. உள்நாட்டு ஊக்கமருந்துச் சோதனை தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான ‘நாடா’வின் பொறுப்பு.

இந்தச் சங்கத்தின் நிர்வாகிகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஆட்டக்காரர்களுக்கு ஓட்டு உண்டா?

ஓட்டு மாநிலச் சங்கங்களிடம். ராக்கெட் பிடிப்பவருக்கு நேரடி ஓட்டு கிடையாது. அதனால்தான் தோற்ற ஆட்டங்களைவிட நீதிமன்ற வழக்குகள் அதிகம் போலத் தெரிகிறது. 2011-ன் தேசிய விளையாட்டு வளர்ச்சி நெறிமுறை வயதுக்கும் பதவிக்காலத்துக்கும் வரம்பு வைத்தது. 2024 செப்டம்பரில் ஐட்டா தேர்தல் நடந்தபோது அந்த நெறிமுறை மீறப்படுகிறது என்று சோம்தேவ் தேவ்வர்மனும் பூரவ் ராஜாவும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தேர்தல் நடக்கலாம், முடிவு உறையிலேயே இருக்கட்டும் என்றது நீதிமன்றம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. நெறிமுறையாக இருந்தவற்றில் பல இப்போது சட்டம். செயற்குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது. குறைந்தது நான்கு பெண்கள் வேண்டும். சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு இடம் கட்டாயம். அங்கீகாரம் தர, பறிக்க ஒரு தேசிய வாரியம். சண்டைகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம். கையில் ஓட்டு இல்லாவிட்டாலும் அறைக்குள் ஒரு நாற்காலி ஆட்டக்காரருக்குக் கிடைக்கிறது. அதில் உட்காருபவர் நிர்வாகிகளின் சொந்தக்காரரா, சுயமாகப் பேசுபவரா என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் போட்டியில் டிரா போட்டதில் தில்லுமுல்லு என்று சந்தேகம். யாரிடம் போவது?

முதலில் அந்தப் போட்டியின் ரெஃப்ரீயிடம். ஆட்டம் தொடங்குவதற்கு முன், அங்கேயே, எழுத்தில் கொடுங்கள். விதிப்படி அந்தக் களத்தில் கடைசி வார்த்தை அவருடையது. போட்டி நடத்தும் கிளப் செயலாளருடையது அல்ல. சீடு கொடுத்ததில் சிக்கல் என்றால் அந்த வாரத் தரவரிசைப் பட்டியலின் நகலைச் சேர்த்து வையுங்கள். ரெஃப்ரீ கேட்காவிட்டால் மாநிலச் சங்கத்துக்கும், அதே கடிதத்தின் பிரதியை ஐட்டாவுக்கும் அனுப்பலாம். எதிராளியின் வயதில் சந்தேகம் இருந்தாலும் இதே வழிதான். கோர்ட்டின் கம்பிவேலிக்கு வெளியே நின்று அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கத்தாதீர்கள். பிறப்புச் சான்றிதழை எழுதியது அந்தப் பிள்ளை இல்லை.